வேதாசலத்துக்கு வந்த நெஞ்சுவலி

தமக்கு நெஞ்சுவலி இருக்கிறது என்ற செய்தி வேதாசலத்துக்கு மின்சார ரயிலில், பழவந்தாங்கல் தாண்டிய பிறகுதான் தெரியவந்தது.

சொன்னவர் ஜெயவேலு. தாம்பரம் மார்க்கெட் பக்கம் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர். அவருடைய அப்பா காலத்தில் சேலையூர் ஏரிப் பாசனத்தில் நெல் போட்ட குடும்பம். இவர் காலத்தில் அதே நிலத்தில் மனை போட்டு விற்றுவிட்டு ஆணியும் தாழ்ப்பாளும் விற்கிறது. சரக்கு எடுக்கப் பாரிமுனைக்குப் போய்த் திரும்பும் நாட்களில் வேதாசலம் வரும் அதே ஆறு மணி வண்டியில் வருவார். இரண்டு பேருடைய பெண்களும் ஒன்பதாம் வகுப்பில் ஒரே பெஞ்சு.

"சார், இன்னா சார் நின்னுகினு வர்றே? வா, இங்க உக்காரு."

"பரவாயில்லை, நீங்க உக்காருங்க."

"அட, உக்காரு சார்னா. நெஞ்சுவலிக்காரரு கம்பியப் புடிச்சிகினு தொங்கினா நல்லாவா கீது?"

பெட்டியில் நாலைந்து தலைகள் திரும்பின. இலவசமாக வருகிற எதையும் மறுத்துப் பழக்கமில்லாததால் வேதாசலம் முதலில் உட்கார்ந்துகொண்டார். அதற்குப் பிறகுதான் விசாரித்தார்.

"யாருக்கு நெஞ்சுவலி?"

"மறைக்காத சார். எங்க வூட்ல எல்லாருக்கும் தெரியும். உம் பொண்ணுதான் எங்க ஜெயக்கொடியாண்ட சொல்லிச்சாம். அதிர்ச்சியே கூடாதுன்னு டாக்டரு சொல்லிட்டாராமே. இந்த நெலமையில அப்பாவ வுட்டுட்டு நான் எப்டி மைசூர் டூருக்கு வர்றதுன்னு கேட்டுச்சாம். பெத்தா அந்த மாதிரி பெக்கணும் சார். எங்க வூட்லயும் ஒண்ணு கீதே, நான் செத்தாகூட பஸ்ல ஏறி சீட்டு புடிச்சிட்டுதான் அழும்."

"மைசூர் டூரா?"

"உனுக்குத் தெரியாதா? ஸ்கூல்ல இட்டுகினு போறாங்க. நாளைக்குத்தான் பேர் குடுக்கக் கடைசி நாளு. சரி வுடு, நீ அதெல்லாம் நெனச்சி மனச அலட்டிக்காத."

ஜெயவேலு பையிலிருந்து ஒரு சாத்துக்குடியை எடுத்து உரித்துக் கொடுத்தார். வேதாசலம் அதையும் வாங்கிக்கொண்டார். எனக்கு நெஞ்சில் ஒன்றுமில்லை என்று அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால் தம் பெண் சாமுண்டீஸ்வரி பொய்க்காரி ஆவாள். ஏன் பொய் சொன்னாள் என்று அடுத்த கேள்வி வரும். அதற்குப் பதில் அவருக்கு ரயில் பல்லாவரம் வருவதற்குள்ளேயே தெரிந்துவிட்டது. சுளைகளை ஒவ்வொன்றாக, நோயாளி சாப்பிடுகிற மாதிரி மெதுவாகச் சாப்பிட்டார்.

வேதாசலம் எழும்பூரில் ஒரு அரசு அலுவலகத்தில் மேல்நிலை எழுத்தர். எண்பத்தேழாம் வருடத்தில் சேலையூரில் வாடகை வீட்டில் இருந்தார். தாம்பரம் ஸ்டேஷனிலிருந்து வீடு வரை கேம்ப் ரோட்டில் நடந்துதான் போவார். பஸ் அவரைத் தாண்டிப் போகும்போது, பஸ்ஸில் இருப்பவர்களுக்கெல்லாம் தொப்பை விழப்போகிறது என்று நினைத்துக்கொள்வார். காய்கறியை விளக்கு வைத்த பிறகே வாங்குவார். கத்தரிக்காய்க்கும் அலுப்பு உண்டு, சாயங்காலம் ஆனால் அது இறங்கி வரும் என்பது அவர் கண்டுபிடிப்பு. கனகவல்லி, அதாவது அவர் மனைவி, அந்தக் கத்தரிக்காயை அரிந்து பார்த்துவிட்டு, "இது இறங்கி வரலைங்க, இறந்தே வந்திருக்கு" என்பாள்.

தம்மைக் கஞ்சன் என்று வேதாசலம் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. கஞ்சன் செலவு செய்யாதவன். தாம் செலவை ஒத்திப் போடுகிறவர், அவ்வளவுதான். பெண்ணுக்கென்று அள்ளிச் செலவழிக்க ஒரு தக்க சமயம் வரும், அப்போது பாருங்கள் என்று கனகவல்லியிடம் பலதடவை சொல்லியிருக்கிறார். சாமு ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தபோது, ஐந்தாம் வகுப்பு வரட்டும் என்றார். ஐந்தாவது வந்தபோது, இப்போது என்ன செய்தாலும் குழந்தைக்கு நினைவிருக்காது, பெரிய வகுப்புக்குப் போகட்டும் என்றார். பெரிய வகுப்புக்கு வந்தபோது, கல்யாணம் என்று ஒன்று இருக்கிறதே என்றார். தக்க சமயம் அவர் வீட்டு வாசல்வரை வந்து கதவைத் தட்டியிருக்கக்கூடும். விளக்கை அணைத்துவிட்டு இவர்தான் சத்தம் காட்டாமல் உள்ளே உட்கார்ந்திருந்திருப்பார்.

அதற்காகப் பெண்ணை எங்கேயுமே கூட்டிப்போகாதவர் என்று சொல்லிவிட முடியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் தவறாமல் கூட்டிப்போவார். திருநீர்மலைப் படி ஏறினால் மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானங்களைக் காலடியில் பார்க்கலாம். டிக்கெட் வாங்கி உள்ளே உட்கார்ந்திருப்பவனுக்கு அந்தக் காட்சி கிடைக்குமா என்று கேட்பார். கிறிஸ்தவக் கல்லூரி மரங்களுக்கு நடுவே மான் பார்க்கலாம். வண்டலூரில் மிருகக்காட்சி சாலை திறந்த புதிதில், ஊரே டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போனபோது, இவர் பெண்ணை மதில் ஓரமாக நிழலில் நிறுத்தி, "கேளு, அதோ சிங்கம்" என்றார். உண்மையிலேயே ஏதோ ஒன்று கத்தியது. அது பால்காரர் மாடாக இருக்கலாம் என்ற சந்தேகம் அவருக்கு இன்றுவரை உண்டு. ஆனால் சாமு நம்பினாள். அப்பா சொன்ன எல்லாவற்றையும் நம்பினாள். எதில்தான் என்ன இருக்கிறது, பார்த்தாகிவிட்ட மாதிரிதான் என்ற சித்தாந்தத்தை இங்கிலீஷ் இலக்கணத்தைவிடச் சுத்தமாகக் கற்றுக்கொண்டாள்.

அன்று ஸ்டேஷனிலிருந்து நடந்து வரும் வழியெல்லாம் வேதாசலத்துக்கு அந்த நெஞ்சு உண்மையாகவே கொஞ்சம் கனத்தது. வீட்டுக்குள் வந்து சட்டையைக் கழற்றுவதற்குள் கேட்டார்.

"எனக்கு நெஞ்சுவலின்னு உன் பொண்ணு ஊரெல்லாம் சொல்லியிருக்கா. தெரியுமா?"

கனகவல்லி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். முதலில் திகைத்தாள், பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டும் அடங்கவில்லை.

"இதுல பொய் எங்கங்க இருக்கு? செலவுன்னு யாராவது வாயெடுத்தா நெஞ்சைத்தானே பிடிச்சுக்கறீங்க?"

"டூர் விஷயம் உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"போன வாரமே சொன்னா. அப்பாகிட்ட கேளுன்னேன். வேண்டாம்னுட்டா."

"ஏன்? நான் என்ன கடிச்சா தின்னுடுவேன்?"

"நீங்க இல்லைன்னு சொல்ல வேண்டியிருக்குமாம். சொல்லிட்டு ரெண்டு நாளைக்கு முகத்தைத் தூக்கி வச்சிக்கிட்டிருப்பீங்களாம். பாவம் அப்பா, எதுக்கு அவருக்கு அந்தக் கஷ்டம்னா."

கனகவல்லி குழம்பைக் கிளறப் போய்விட்டாள். வேதாசலம் சட்டையை மாட்ட ஆணியைத் தேடிக்கொண்டு சிறிது நேரம் சுவரையே பார்த்து நின்றார். இல்லை என்று சொல்லும் உரிமைகூடப் பறிபோய்விட்டது. அவர் சொல்ல வேண்டிய இல்லையை அவருக்குப் பதிலாக அந்தப் பெண்ணே சொல்லிக்கொண்டுவிட்டது. அவருக்கு அந்த நிமிஷத்தில் ஒன்று பிடிபட்டது. மைசூர் ஒருபக்கம் கிடக்கட்டும். இவள் இனிமேல் எதையுமே கேட்கமாட்டாள். பதினான்கு வயதில் கேட்பதை நிறுத்திவிட்ட பெண்ணுக்கு எந்தத் தக்க சமயத்தில் என்னத்தை அள்ளிக் கொடுப்பது?

சாமு இலவச டியூஷன் முடிந்து வந்தாள். வேதாசலம் சாதாரணமாகக் கேட்பதுபோல் ஆரம்பித்தார்.

"ஸ்கூல்ல டூர் போறாங்களாமே?"

அவள் அம்மாவை ஒரு பார்வை பார்த்தாள். "யார் சொன்னா?"

"ரயில்ல ஜெயவேலு சொன்னார். என் உடம்பைப் பத்தியும் விசாரிச்சார்."

சாமுவின் காது சிவந்தது. ஆனால் அவள் அவருடைய பெண். வாதத்தை விட்டுக்கொடுக்கிற வம்சமில்லை.

"போறவங்க போறாங்கப்பா. மைசூர்ல அப்படி என்ன இருக்கு?"

"அரண்மனை இருக்கு."

"வெளியிலேர்ந்து பார்த்தா எல்லாம் கட்டடந்தானே. எழும்பூர் மியூசியத்துக்குக் கூட்டிட்டுப் போனப்போ நீங்கதானே சொன்னீங்க."

"பிருந்தாவனத்துல தண்ணி கலர் கலரா ஆடுமாம்."

"மழை பெஞ்சா நம்ம ஏரி மதகுலயும்தான் ஆடுது. லைட்டு போட்டா அதுவும் கலராத்தான் தெரியும்."

"பஸ்ல எல்லாரும் பாட்டு பாடிக்கிட்டு…"

"பாட்டு ரேடியோல வருதுப்பா. அதோட மைசூர்ல குளிருமாம். டீச்சர் ஸ்வெட்டர் கொண்டுவரச் சொல்லியிருக்காங்க. ஸ்வெட்டர் வாங்கினா தாம்பரத்துல எந்த மாசம் போட்டுக்கறது? சும்மா பெட்டியில கிடக்கும்."

டேப் ரிக்கார்டரில் தம் குரலைத் தாமே கேட்பதுபோல் இருந்தது வேதாசலத்துக்கு. அதுவும் தெளிவாகப் பதிவாகியிருந்தது. அந்த ஸ்வெட்டர் வாதம் அவருக்கே தோன்றியிருக்காது. வேறு சமயமாக இருந்தால் முதுகில் தட்டிக் கொடுத்திருப்பார்.

"சாமுண்டி மலைன்னு உன் பேர்லயே ஒரு மலை இருக்கும்மா," என்றார், கெஞ்சுகிற குரலில்.

"ஆயிரம் படிப்பா. பஸ் மேல வரைக்கும் போகும், ஆனா எங்களை நடந்து இறங்கச் சொல்லுவாங்களாம். பாதிப் படியில ஒரு நந்தி. ஒரே கல்லுலயாம், நம்ம வீட்டைவிட உயரம். அன்னிக்கு ஞாயித்துக்கிழமைங்கறதால ராத்திரி அரண்மனை முழுக்க பல்பு போடுவாங்க. அதுக்குன்னே ஞாயித்துக்கிழமை அங்க இருக்கற மாதிரி வச்சிருக்காங்க. ஏழு மணிக்குப் போட்டா எட்டு மணிக்கு அணைச்சிடுவாங்களாம். அந்த ஒரு மணி நேரத்துக்கு யாராவது…"

சட்டென்று நிறுத்திக்கொண்டாள். போக விருப்பமில்லாதவளுக்கு இத்தனை விவரம் எதற்கு என்று வேதாசலம் கேட்கவில்லை. கனகவல்லி அடுப்படியிலிருந்து அவரைப் பார்த்தாள், அவரும் பார்த்தார்.

"எனக்கு வேண்டாம்பா," என்று சொல்லிவிட்டுச் சாமு கைகால் கழுவப் போனாள்.

மறுநாள் வேதாசலம் அலுவலகத்தில் அரைநாள் லீவு எழுதிக் கொடுத்தார். அவருக்கு லீவு என்றால் அதுவும் சேமிப்புதான், எடுத்துப் பழக்கமில்லை. மேலதிகாரி, "வீட்ல யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். "எனக்குத்தான், நெஞ்சுவலி" என்று வாய்வரைக்கும் வந்துவிட்டது. அடக்கிக்கொண்டார்.

பணம் கையில் இருந்தது. அதுதான் வேடிக்கை. பீரோவில் புடவைகளுக்கு அடியில், தக்க சமயத்துக்கென்று, இஸ்திரி போட்ட மாதிரி மடிப்புக் கலையாமல் இருந்தது. காலையில் அதை எடுத்துச் சட்டையின் உள்பையில் வைத்து ஊக்குக் குத்திக்கொண்டு வந்திருந்தார். கடன் வாங்கிச் செலவழிக்கிறவனுக்குக்கூட இவ்வளவு படபடப்பு இருந்திருக்காது.

தாம்பரத்தில் இறங்கியபோது உச்சி வெயில். பெண்ணுக்காக ஒரு பெரும் செலவு செய்யப்போகும் அந்த நாளிலும் பஸ் ஏறக் கால் வரவில்லை. மார்க்கெட்டைத் தாண்டி, ரயில்வே கேட்டைத் தாண்டி, கேம்ப் ரோட்டில் விறுவிறுவென்று நடந்தார். பள்ளிக்கூடத்து மாடிப்படி ஏறி ஆசிரியர் அறை வாசலில் நின்றபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது, மூச்சு இரைத்தது, வலது கை உள்பையிலிருந்த பணத்தைப் பத்திரமாகப் பிடித்துக்கொண்டிருந்தது. பார்க்கிறவர்களுக்கு அது நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருப்பதாகத்தான் தெரியும்.

"ஐயையோ!" என்று எழுந்துவிட்டார் சாவித்ரி டீச்சர், சாமுவின் வகுப்பாசிரியை. "சாமுவோட அப்பாதானே? நீங்க ஏன் சார் மாடி ஏறி வந்தீங்க? சொல்லியனுப்பியிருந்தா நானே கீழ வந்திருப்பேனே. ஆயாம்மா, தண்ணி கொண்டாங்க! ஃபேனை இந்தப் பக்கம் திருப்புங்க!"

நாற்காலி வந்தது. தண்ணீர் வந்தது. ஆயா ஒரு பரீட்சை அட்டையால் விசிற ஆரம்பித்தாள். வேதாசலத்தை இவ்வளவு மரியாதையாக யாரும் நடத்தியதில்லை. மாமியார் வீட்டில்கூட நடந்ததில்லை.

"இப்ப எப்படி சார் இருக்கு?"

"தேவலை. டாக்டர் நேத்துப் பார்த்துட்டு, இனிமே பயமில்லைன்னுட்டார்."

"எந்த டாக்டர் சார்?"

"கவர்மென்ட் ஆஸ்பத்திரிதான்," என்றார் வேதாசலம். பொய்யில்கூடத் தனியார் டாக்டருக்கு ஃபீஸ் கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை.

"நல்லவேளை. சாமு சொன்னதைக் கேட்டு நாங்க எல்லாம் பயந்துட்டோம். டூர், பணம்னு எதைப் பத்தியும் அப்பாகிட்ட பேசிடாதீங்க டீச்சர், தாங்கமாட்டார்னா."

"தாங்கறேன்," என்றார் வேதாசலம். ஊக்கைக் கழற்றினார். "அவளும் டூருக்கு வரா. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

டீச்சரின் முகம் மலர்ந்தது. "சாமுண்டீஸ்வரின்னு பேர் வச்சிட்டு மைசூர் அனுப்பலேன்னா எப்படி சார்?" என்றபடி பணத்தை வாங்கக் கையை நீட்டினார். நோட்டுகள் வேதாசலத்தின் விரலைவிட்டுப் பிரிகிற அந்த ஒரு விநாடியில், அவருக்குள்ளிருந்த யாரோ ஒருவர் அவரைக் கேட்காமலேயே வாயைத் திறந்தார்.

"டீச்சர், இதுல அரை டிக்கெட் கிடையாதா? பார்க்க பன்னண்டு வயசு மாதிரிதான் இருப்பா."

ஆயா விசிறுவதை நிறுத்தினாள். டீச்சர் ஒரு கணம் விழித்துவிட்டு, நோயாளி தமாஷ் செய்கிறார் என்று தீர்மானித்துச் சிரித்தார். வேதாசலமும் தமாஷ்தான் செய்ததாகச் சிரித்துவைத்தார்.

"உங்க உடம்பு நிலைமை எப்படி இருக்குமோன்னு கவலைப்படாதீங்க. போக முடியலேன்னா கிளம்பறதுக்கு முந்தின நாள் சொன்னாக்கூடப் போதும், முழுப் பணத்தையும் திருப்பித் தந்துடுவோம்."

"ரொம்ப சந்தோஷம்," என்றார் வேதாசலம். பணம் திரும்பி வரும் என்ற செய்தி முதல்தடவையாக அவருக்குக் கசந்தது. அவர் பெண்ணுக்கு மட்டும் இது தெரிந்தால் போயிற்று.

அவர் நினைத்தது சரி. சாயங்காலம் விஷயத்தைச் சொன்னதும் சாமு புத்தகப் பையைத் தொப்பென்று போட்டாள்.

"யாருப்பா உங்களைக் கட்டச் சொன்னா? அவ்வளவு பணம்! மூணு நாளைக்கு! அதுல எனக்குப் பத்தாங்கிளாஸ் புக்கு, நோட்டு, யூனிபார்ம் எல்லாம் வந்துடும். நாளைக்கே போய்த் திருப்பி வாங்கிடுங்க."

"எதுக்கும்மா, போய்ட்டு வாயேன்."

"எனக்கு ஆசையே இல்லைங்கறேன். நீங்க போகலேன்னா நானே டீச்சர்கிட்ட கேட்டு வாங்கிடறேன்."

கனகவல்லி நடுவில் வந்தாள். "சாமு, அப்பாவே வாயைத் தொறந்து போன்னு சொல்றாரு. இந்த வீட்ல மழை பெய்யறதே அபூர்வம். நனைஞ்சுக்கடி."

"அம்மா, நீ சும்மா இரு. பின்னாடி அவர்தான் கஷ்டப்படுவார்."

சொல்லும்போது அவள் கண்ணைப் பார்த்தார் வேதாசலம். அதில் கோபம் இருந்தது, கணக்கு இருந்தது, அப்பாமீது ஒரு பெரிய மனுஷி வைத்திருக்கிற மாதிரியான இரக்கமும் இருந்தது. இந்த மூன்றையும் தாண்டி உள்ளே போக வழியே இல்லை. அன்பாகச் சொன்னால் எடுபடாது. ஆசை காட்டினால் எடுபடாது. உலகத்தில் எத்தனையோ அப்பாக்கள் பெண் செலவு செய்வதைத் தட்டிக் கேட்டு அடக்குகிறார்கள். தமக்கு மட்டும் பெண்ணைச் செலவு செய்ய வைக்க இப்படி மன்றாட வேண்டியிருக்கிறதே என்று நினைத்துக்கொண்டார். இவளை நகர்த்த ஒரே ஒரு நெம்புகோல்தான் உண்டு. அது எங்கே இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். அவரே செய்து வைத்ததுதானே.

முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"நானும் கேட்டுப் பார்த்தேன்மா. திருப்பித் தரமாட்டாங்களாம்."

சாமு நிமிர்ந்தாள். "என்னது?"

"கட்டினா கட்டினதுதானாம். போனாலும் சரி, போகாட்டியும் சரி."

"பாதியாவது?"

"ஒரு பைசா கிடையாது. கறாராச் சொல்லிட்டாங்க."

கனகவல்லி கரண்டியோடு அப்படியே நின்றாள். சாமுவின் நெற்றி சுருங்கியது. உதடு ஏதோ முணுமுணுத்தது. அந்தக் குடும்பத்தில் ஒரு மனுஷப் பிறவி தாங்கக்கூடிய அதிகபட்ச அதிர்ச்சி எதுவோ, அது அந்த முகத்தில் தெரிந்தது. பணம் போய்விட்டது. தான் போகாமல் இருந்தால் அது வீணாகவே போய்விடும்.

"இதை ஏம்பா கட்டறதுக்கு முன்னாடியே கேட்டுக்கலை?" என்றாள் கடைசியில்.

"தப்புதாம்மா. எனக்கு விவரம் பத்தலை."

"அப்ப போய்த்தான் ஆகணும்."

"வேற வழி?"

அவள் பாயில் உட்கார்ந்தாள். "மூணு வேளைச் சாப்பாடும் அவங்களோடதா?"

"மூணு வேளையும் அவங்கதான். சாயங்காலம் காப்பி, பஜ்ஜிகூட உண்டாம்."

"அப்ப ஒருவேளைகூட விடக்கூடாது," என்றாள் சாமு. "பஸ்ல தூங்கவும் கூடாது. தூங்கினா ரோடு பூரா வீணாப் போயிடும். அரண்மனைல லைட்டு போடறதுக்கு முன்னாடியே போய் முன்வரிசையில நின்னுக்கணும், அணைக்கற வரைக்கும் நகரக்கூடாது. நந்தி எத்தனை உயரம்னு கிட்டப் போய்ப் பார்த்துட்டு வரணும்." சொல்லச் சொல்லக் குரல் அவளை அறியாமல் உயர்ந்துகொண்டே போனது. நெற்றிச் சுருக்கம் எப்போது போயிற்று என்று தெரியவில்லை. "ஸ்வெட்டர் வேண்டாம்பா. ஜெயக்கொடி வீட்ல ரெண்டு இருக்கு, ஒண்ணைக் கேட்டு வாங்கிக்கறேன். இப்பவே சொல்லிடறேன், இல்லாட்டி வேற யாருக்காவது குடுத்துடுவா."

எழுந்தாள், வாசலைத் தாண்டினாள், தெருவில் இறங்கி ஓடினாள்.

வேதாசலம் வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தார். தெருமுனையில் பாவாடை ஒரு வீசு வீசித் திரும்பி மறைந்தது. அவள் செருப்பு இரண்டும் படியோரம் ஒழுங்காக, ஜோடி சேர்ந்து கிடந்தன.

"பாருங்க," என்றாள் கனகவல்லி பின்னாலிருந்து. "சந்தோஷத்துல செருப்பு போட்டுக்கக்கூட மறந்துட்டா."

ஓடினால் செருப்பு சீக்கிரம் தேயும், ஓடுவதாக இருந்தால் கழற்றி வைத்துவிட்டு ஓடு என்று அவளுக்கு ஐந்து வயதிலேயே அவர் சொல்லிக் கொடுத்திருந்தார். அதை இப்போது கனகவல்லியிடம் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

"ஆமாம், மறந்துட்டா," என்றார்.